முகங்கொடுத்துப் பேசாத மருத்துவரை மாற்றலாமா: பாலக்காட்டு எல்லையில் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சி, உடுமலை, கோயம்புத்தூர்ப் பக்கங்களிலிருந்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், கஞ்சிக்கோடு என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்துக்குக் குடிவருகிறவர்கள் வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், குடிநீர் ஆகியவற்றை வருவதற்கு முன்பே விசாரித்துவிடுகிறார்கள். மருத்துவரைப் பற்றிய விசாரிப்பு மட்டும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்ட பிறகே தொடங்குகிறது. அப்போது அருகில் இருப்பவரிடம் போகிறோம். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சீட்டு எழுதுகிறார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்தவரை அழைக்கிறார், அல்லது வயதான தாயைப் பிள்ளையை அதட்டுவதுபோல் அதட்டுகிறார். வெளியே வந்ததும் “இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிடுகிறோம். அந்த முடிவு பல நேரங்களில் சரியாக இருக்கலாம். ஆனால் சினத்தில் எடுத்ததால் அதைச் செயற்படுத்தும் முறை தவறிப்போகிறது. முடிவை எப்படி எடுப்பது, எடுத்த பின் எப்படி மாறுவது என்பதை, உடுமலைப் பக்கத்திலிருந்து இங்கு வந்து பதினொரு ஆண்டுகளாகத் தாயின் சர்க்கரை நோயோடு மருத்துவமனை வரிசைகளில் நின்ற பழக்கத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் சொல்லப்போகும் அளவுகோல் அதிலிருந்து பிறந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை வயிற்றைப் புரட்டியது. அதை ஒருமுறை மருத்துவரிடம் சொல்லி, அதனால் சில நாட்கள் மாத்திரையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். மருத்துவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “சொன்னதைக் கேக்க மாட்டீங்கன்னா எதுக்கு இங்க வர்றீங்க?” என்றார். அன்றிலிருந்து அம்மா அவர் முன்னால் எதைக் கேட்டாலும் “ஆமாங்க, ஒழுங்கா சாப்பிடறேனுங்க” என்று மட்டுமே சொன்னார். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் அளவு ஏறியே இருந்தது. மாத்திரை முழுவதும் உள்ளே போகிறது, இருந்தும் சர்க்கரை இறங்கவில்லை என்று எண்ணிய மருத்துவர், சர்க்கரையைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான கிளிமெபிரைடின் அளவை இரண்டு முறை கூட்டினார். ஊரிலிருந்து வந்த என் அத்தை அம்மாவைக் கடிந்துகொண்டு எல்லா மாத்திரைகளையும் சீட்டில் உள்ளபடி கொடுக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் இரவு, அம்மா வியர்த்து நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை தாழ்ந்துவிட்டது. நல்ல வேளையாகக் கரைத்துக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரை விழுங்கும் நிலையில் இருந்தார்.

மருத்துவர் எழுதிய ஒவ்வொரு மாற்றமும் அவர் கையிலிருந்த தகவலுக்குச் சரியானதே. தவறாக இருந்தது தகவல். அதைத் தவறாக்கியது ஒரே ஒரு கடுஞ்சொல். ஆகவே, மருத்துவரின் நடத்தையை எடைபோடும்போது “என்னை மதித்தாரா?” என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வி, “இவர் முன்னால் என்னால் உண்மையைச் சொல்ல முடிகிறதா?” என்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள்

மனம் புண்பட்ட அன்றே முடிவெடுக்க வேண்டாம். ஒரு தாளில் நடந்ததை எழுதுங்கள்: மருத்துவர் சொன்ன சொற்கள் அப்படியே, எந்த மொழியில், எந்தக் கேள்விக்குப் பதிலாக, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், நீங்கள் எதைக் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்தீர்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். “கேட்காமல் வந்தவை” என்ற பகுதி வெறுமையாக இருந்தால் உங்களுக்கு ஏற்பட்டது மனவருத்தம் மட்டுமே. அந்தப் பகுதி நீண்டிருந்தால் அது சிகிச்சையைத் தொடும் குறை. மறுநாள் காலை அதை வீட்டில் இன்னொருவரிடம் படிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் உடன் வந்தவரிடம். இங்குள்ள மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரை ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், “பைஸ்டாண்டர் யார்?” என்று கூப்பிட்டால் உங்களைத்தான்.

மொழியைக் கழித்துப் பாருங்கள்

எல்லையில் குடியேறியவர் தவறவே கூடாத படி இது. கொங்குத் தமிழில் வளர்ந்த நமக்கு மரியாதை என்பது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது: “வாங்க, உட்காருங்க, சொல்லுங்க.” அந்த ‘ங்க’ இல்லாவிட்டால் நம் காது உடனே சிலிர்த்துக்கொள்கிறது. இன்றைய மலையாளத்தில் வினைமுற்றுக்கு நான், நீ, அவர் என்று காட்டும் விகுதியே கிடையாது. மரியாதை குரலிலும், ‘டாக்டரே’, ‘அம்மே’ போன்ற விளிகளிலும், வேறு சில சொற்களிலும் வெளிப்படுகிறது. அதனால் “இரிக்கு”, “நாக்கு நீட்டு” என்று ஒரு மலையாளி மருத்துவர் சொல்வது அவர் காதுக்கு இயல்பாகவும், நம் காதுக்கு ஏவலாகவும் கேட்கிறது. அவரே சிரமப்பட்டுத் தமிழில் பேச முயலும்போதும் “உக்காரு” என்றுதான் வாயில் வரும். பேச முயன்ற நல்லெண்ணம் நமக்கு அவமதிப்பாகப் போய்ச் சேர்கிறது.

சொற்களின் பொருளே மாறிவிடுவது இதைவிடப் பெரிய சிக்கல். “பனி உண்டோ?” என்றால் காய்ச்சல் இருக்கிறதா என்று பொருள். “தூக்கம் எத்ரயா?” என்றால் உடல் எடை எவ்வளவு என்பது, உறங்குவதைக் கேட்கவேண்டுமானால் ‘உறக்கம்’ என்பார்கள். ‘சும’ என்பது இருமல், தலைச்சுமை அன்று. ‘வேதன’ என்றால் உடல்வலி. மனவருத்தத்தைக் கேட்கிறார் என்று எண்ணிக் குடும்பக் கதையைத் தொடங்கிவிடக் கூடாது. “குறவுண்டோ?” என்பது நோய் தணிந்திருக்கிறதா என்ற கேள்வி, குறை ஏதும் உண்டா என்று கேட்பதாக நினைத்து “ஒண்ணும் இல்லீங்க” என்று பதில் சொன்னால், நோய் தணியவே இல்லை என்று மருத்துவர் எடுத்துக்கொள்வார். ‘மதி’ என்றால் போதும். எல்லாவற்றையும்விட, “மருந்து கழிச்சோ?” என்ற கேள்வி. மாத்திரை சாப்பிட்டீர்களா என்றுதான் அவர் கேட்கிறார். என் அம்மா முதன்முறை அதைக் கேட்டபோது, மாத்திரையால் வயிற்றுக் கழிச்சல் உண்டானதா என்று கேட்பதாக எண்ணி, “இல்லவே இல்லீங்க” என்று உறுதியாகச் சொன்னார். மருத்துவரின் முகம் ஏன் கடுகடுத்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் பல தலைமுறைகளாகத் தமிழ்தான் வீட்டுமொழி என்பதால், மருத்துவர் வெளியூர்க்காரராக இருந்தாலும் செவிலியர், மருந்தாளுநர், சீட்டு எழுதும் ஊழியர் ஆகியோரில் ஒருவராவது தமிழ் பேசுவார். “எனக்கு மலையாளம் முழுசாப் புரியலைங்க, கொஞ்சம் கூட இருந்து சொல்லுங்க” என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைச் செய்தும் மருத்துவரின் நடத்தை உறுத்தினால்தான் அது மொழியின் குற்றம் அன்று என்று துணியலாம்.

வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் பயன்படுத்துங்கள். கதவு திறந்திருக்கும்போது, மலையாளிகளான நோயாளிகளிடமும் அவர் அதே தொனியில்தான் பேசுகிறாரா என்று கவனியுங்கள். எல்லோரிடமும் அப்படியே என்றால் அது அவருடைய சுபாவம். தமிழரிடம் மட்டும், அல்லது கைலி கட்டி வந்தவரிடமும் தோட்ட வேலைக்கு வந்த பெண்களிடமும் மட்டும் குரல் மாறுகிறது என்றால், அதைச் சுபாவம் என்று மன்னிக்கத் தேவையில்லை.

நேரத்தையும் கழித்துப் பாருங்கள், ஆனால் ஓரளவுக்கு

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் ‘பி.எம்.ஜே. ஓப்பன்’ என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, முதனிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். வங்கதேசத்தில் 48 நொடி. திங்கட்கிழமைக் காலை அரசு மருத்துவமனை ஓ.பி.யில் நின்றவர்க்கு இந்தக் கணக்கு வியப்பளிக்காது. 1984-இல் அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற ஆய்வொன்று, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுவதைக் கண்டது. ஆகவே இடைமறிப்பது நம்மூர் மருத்துவருக்கு மட்டும் உரிய குணம் அன்று. நம் நாட்டில், நோயாளியிடம் பேசும் முறையையும் மருத்துவ அறத்தையும் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நாடு முழுவதற்கும் கட்டாயப் பகுதியாக்கியதே 2019-இல்தான். இன்று நாற்பது வயதைத் தாண்டிய மருத்துவர்களில் பெரும்பாலோர் அதை மூத்தவர்களைப் பார்த்துத்தான் கற்றார்கள், மூத்தவர்களின் கடுகடுப்பையும் சேர்த்து.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மிக முக்கியமானதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். “போன மாசம் கல்யாணத்துக்குப் போயிருந்தோம், அங்க சாப்பாடு சரியில்ல…” என்று தொடங்கினால் நெஞ்சுவலிக்கு வந்து சேர்வதற்குள் 18 நொடி கடந்துவிடும்.

நேரமின்மை விளக்கமின்மைக்குக் காரணமாகலாம்; அவமதிப்புக்குக் காரணம் ஆகாது. “சாயங்காலம் வாங்க, விளக்கமா சொல்றேன்” என்று சொல்ல ஐந்து நொடி போதும்.

கையின் திறமையைத் தனியே எடைபோடுங்கள்

இனிமையாகப் பேசுகிறவரெல்லாம் நல்ல மருத்துவர் என்று எண்ணும் பழக்கமும் நம்மிடம் உண்டு. ‘கைராசிக்காரர்’ என்ற பட்டம் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது. சிரித்த முகத்தோடு, காய்ச்சல் கண்ட முதல் நாளே ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் எழுதுகிறவரைவிட, “வைரல் காய்ச்சல், மூணு நாள் பார்க்கலாம்” என்று முகம் பாராமல் அனுப்புகிறவர் சரியாக நடந்துகொண்டிருக்கலாம். என் முழங்காலைப் பார்த்த எலும்பு மருத்துவர் ஒரு வருகைக்கு நான்கு சொற்களுக்கு மேல் பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காலைத் தொட்டு, மடக்கி, நடக்கச் சொல்லிப் பார்த்தார். வயிற்றுப்புண் உண்டா என்று கேட்ட பிறகே வலிமாத்திரை எழுதினார். அறுவை வேண்டாம் என்று அவராகவே சொன்னார். அவரை விட்டு நான் மாறவில்லை.

ஆகவே இவற்றைப் பாருங்கள்: தொட்டுப் பரிசோதித்தாரா, முன்பே உட்கொள்ளும் மருந்துகளையும் ஒவ்வாமையையும் கேட்டாரா, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்று சொன்னாரா, சீட்டில் பதிவெண் இருக்கிறதா, எழுத்து படிக்கும்படி இருக்கிறதா. பதிவெண்ணைச் சீட்டில் குறிப்பிடுவது இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நன்னடத்தை விதிகளில் உள்ள கடமை. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்பது 2016-இல் அவ்விதியில் செய்த திருத்தம். மருந்துக்கடைக்காரர் மட்டுமே படிக்கக்கூடிய சீட்டு நடத்தைக் குறையோடு சேர்ந்து வந்தால், தராசு மாற்றத்தின் பக்கம் சாய்கிறது.

தராசே தேவைப்படாத இடங்கள்

சிலவற்றுக்கு எடைபோடுதல் கிடையாது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் உடற்பரிசோதனை செய்யும்போது இன்னொரு பெண் உடனிருக்கும் உரிமை, தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில் இருக்கிறது. அதை மறுத்தால் அது உரிமை மறுப்பு. முகஞ்சுளிக்கும்படி தொட்டாலோ பேசினாலோ, அது பழகும் முறையின் குறை அன்று, குற்றம். அங்கே செய்யவேண்டியது மருத்துவரை மாற்றுவதோடு முடியாது, காவல்துறையிடம் சொல்வதும் அதில் அடங்கும். அறுவைக்குக் கையெழுத்து வாங்கும்போது என்ன அறுவை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்ற கேள்விகளுக்குப் பதில் மறுக்கப்பட்டால் கையெழுத்திட வேண்டாம்; உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத நிலையில் அந்த விளக்கத்தைத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008-இலேயே கூறிவிட்டது. சாதி, மொழி, தொழில் ஆகியவற்றைச் சொல்லி இழிவுபடுத்தினால், மற்ற நோயாளிகள் கேட்க உங்கள் நோயை உரக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப்போவதாகச் சொன்னதற்காக மிரட்டினால் அங்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு வாய்ப்புக் கொடுங்கள்

மேற்சொன்னவை எதுவும் இல்லை, இருந்தாலும் மனம் ஒப்பவில்லை என்ற நடுநிலையில்தான் பெரும்பாலோர் நிற்கிறார்கள். அவர்கள் அதே மருத்துவரிடம் இன்னொரு முறை, ஆனால் ஆயத்தத்தோடு செல்லவேண்டும். கூட்டம் குறைந்த நேரத்தைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள். மூன்று கேள்விகளை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; பத்து எழுதினால் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. மாத்திரைப் பட்டைகளைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பேச்சைத் தாளைக் காட்டியே தொடங்குங்கள்: “டாக்டர், மூணு விஷயம் கேக்கணுங்க, மறந்துடுவேன்னு எழுதிட்டு வந்தேன்.” விளக்கம் கிடைத்ததும், புரிந்துகொண்டதை நம் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும்: “அப்படீன்னா காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்னாடி ஒண்ணு, சரிங்களா?” இந்த ஒன்றே பாதித் தவறுகளைத் தடுக்கும்.

பிறகு, மனத்தாங்கலை நேராகவே, குற்றஞ்சாட்டாமல் சொல்லிப் பாருங்கள். “போன தடவை நீங்க சத்தம் போட்டதுல அம்மா பயந்துட்டாங்க. அதுக்கப்புறம் மாத்திரை ஒத்துக்கலைங்கறதை உங்ககிட்ட சொல்லவே இல்லை” என்பது போல, நடந்ததையும் அதனால் சிகிச்சைக்கு நேர்ந்த கேட்டையும் சேர்த்துச் சொல்வது நல்லது. நல்ல மருத்துவர் இரண்டாவது செய்தியைக் கேட்டதும் நிமிர்ந்து பார்ப்பார். நானும் அம்மாவின் மருத்துவரிடம் இப்படிச் சொன்னேன். “எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்லை” என்றார். அன்றைக்குத்தான், சினம் எதுவும் இல்லாமல், மாறுவது என்று முடிவு செய்தேன்.

மாறுவதால் இழப்பது என்ன என்று கணக்கிடுங்கள்

காலம் முதற்கணக்கு. சில சிகிச்சைகள் பாதியில் இருக்கும்போது மாறுவது பாதகமாகலாம். அறுவை முடிந்து தையல் பிரிக்காத நிலையிலும், பேறுகாலத்தின் கடைசி வாரங்களிலும், மனநல மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும்போதும், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைச் சீர்செய்யும்போதும் இயன்றவரை அந்தக் கட்டம் முடியட்டும். தாங்கவே முடியாவிட்டால், முதலில் புதிய மருத்துவர் ஏற்றுக்கொண்டதை உறுதிசெய்த பிறகே பழையவரை விடவேண்டும். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை பொருள் தரும். இரண்டாம் வாரத்திலேயே “குணமாகவில்லை” என்று மாறினால் புதியவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். வழக்கமான காசநோய்க்கு 6 மாத மருந்து. அதில் ஒரு நாள்கூட இடைவெளி விழக்கூடாது. காசநோயாளிகளுக்கான அரசின் ‘நிக்ஷய்’ பதிவைக் கொண்டு வேறு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம். பதிவெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காசநோய்ப் பிரிவிலேயே கேட்க வேண்டும்.

அடுத்தது காப்பீடு. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை ஒருவகை, கேரளத்தின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி இன்னொரு வகை. இரண்டும் அந்தந்த மாநிலக் குடும்பத்தையும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளையும் சார்ந்தவை. ரேஷன் அட்டையை இங்கே மாற்றிக்கொண்ட குடும்பம், பழைய நினைப்பில் கோயம்புத்தூருக்குப் போய்ப் படுக்கையில் சேர்ந்த பிறகு அட்டை செல்லாது என்று தெரிந்துகொள்வது இந்த எல்லையில் அடிக்கடி கேட்கும் கதை. சேர்வதற்கு முன் அங்குள்ள காப்பீட்டு முகப்பில் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

தொலைவும் உண்டு. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நம் மொழி பேசும் மருத்துவர் வேண்டும் என்று வாளையாறு தாண்டிப் போவது ஒருமுறை காட்டும் நோய்க்குச் சரி. மாதந்தோறும் இரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டிய சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிக்கு அந்தப் பயணமே ஒருநாட் கூலியை விழுங்கிவிடும். நான்காம் மாதம் போகாமல் இருந்துவிடுவார்கள்.

மருத்துவமனையை மாற்றாமலே மருத்துவரை மாற்றலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அரசு மருத்துவமனையில் ஒரே துறைக்கு வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு மருத்துவர்கள் ஓ.பி. பார்ப்பார்கள். பெயர்ப்பலகையில் கிழமையைப் பார்த்து, அந்த நாளில் சீட்டு எடுத்தால் போதும். யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அருகிலுள்ள குடும்ப சுகாதார மையமே போதுமானதாக இருக்கக்கூடும். அம்மாவை நான் அழைத்துச்சென்றதும் அப்படியொரு மையத்துக்குத்தான்.

மாறும் முறை

மருந்தை நிறுத்தாதீர்கள். பழைய மருத்துவர்மேல் உள்ள கோபத்தை மாத்திரைமேல் காட்டுவது நம்மிடையே பரவலாக உள்ள வழக்கம். புதியவரைப் பார்க்கும்வரை பழைய சீட்டே நடப்பில் இருக்கட்டும். மாத்திரையால் தொல்லை என்றால் மட்டும் மருந்தாளுநரிடமோ, கேரள அரசின் ‘திஷா’ உதவி எண் 1056-இலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைச் சேகரியுங்கள்: சீட்டுகள், ஆய்வக முடிவுகள், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சுருக்கம். உள்நோயாளியாக இருந்திருந்தால், எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தரவேண்டும் என்றும், அவற்றை 3 ஆண்டுகள் காத்துவைக்க வேண்டும் என்றும் அதே 2002 விதிகள் சொல்கின்றன. கோரிக்கையைத் தாளில் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டால், “இன்னொரு டாக்டர்கிட்ட கருத்துக் கேக்கணும்” என்பது போதும்; இரண்டாவது கருத்துக் கேட்பதும் மேலே சொன்ன பட்டயத்தில் உள்ள உரிமைதான். கேரள அரசு மருத்துவமனைகளில் இ-ஹெல்த் அட்டை எண் தந்திருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

புதிய மருத்துவரிடம் பழையவரைத் தூற்றித் தொடங்காதீர்கள். அவர் தற்காப்பாக ஒதுங்கிக்கொள்வார், ஊர் சிறியது, இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களாகவும் இருக்கலாம். “அங்க எங்களுக்குச் சரியா விளங்கலைங்க” என்பதற்குமேல் தேவையில்லை. ஆனால் உண்மையை முழுதாகச் சொல்லுங்கள்: எந்த மாத்திரையை எத்தனை நாள் விட்டீர்கள், நாட்டு மருந்து, ஆயுர்வேதக் கஷாயம் எதைச் சேர்த்து உட்கொண்டீர்கள், எல்லாவற்றையும். அம்மா புதிய மருத்துவரிடம் முதல் நாளே அனைத்தையும் சொல்லிவிட்டார். அவர் கிளிமெபிரைடின் அளவைக் குறைத்து, மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகையாக மாற்றி, உணவோடு சேர்த்து விழுங்கச் சொன்னார். வயிற்றுப் புரட்டல் ஒரு வாரத்தில் அடங்கியது. முதல் மருத்துவருக்குத் தெரியாத வித்தை அன்று அது; அவர் கேட்டிருந்தால் அவரும் அதையே செய்திருப்பார்.

இருவரிடமும் ஒரே நேரத்தில் காட்டுவதுதான் மிகவும் ஆபத்து. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரண்டு சீட்டுகளில் இருக்கும். மெட்ஃபார்மின் தனி மாத்திரையாக ஒன்றிலும், கிளிமெபிரைடோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாக இன்னொன்றிலும் இருக்கும். நிறம் வேறு என்பதால் வீட்டில் இரண்டையும் கொடுத்துவிடுவார்கள். புதிய சீட்டு கைக்கு வந்ததும் பழைய மாத்திரைகளை மருந்துக்கடையில் காட்டி, எது தொடர்கிறது, எது நின்றது என்று பட்டையின்மேலேயே எழுதி வாங்குங்கள்.

முறையிட விரும்பினால்

மாறுவதற்கும் முறையிடுவதற்கும் தொடர்பில்லை; ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. அரசு மருத்துவமனையென்றால் கண்காணிப்பாளருக்கும், பிறகு மாவட்ட மருத்துவ அலுவலருக்கும் எழுதலாம். தனியாரென்றால் நிர்வாகத்துக்கும், நன்னடத்தை விதி மீறலென்றால் மருத்துவர் பதிவு பெற்ற மாநில மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதலாம். முறையீட்டைத் தமிழிலேயே எழுதலாம்: 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத்தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது உண்மையே; ஆனால் நுகர்வோர் ஆணையம் சிகிச்சையில் நேர்ந்த குறைபாட்டையும் அதனால் விளைந்த கேட்டையும் பார்க்கும். கடுஞ்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே அலைவது பேருந்துக் கட்டணத்துக்கும் கட்டாது என்பது என் கருத்து.

கடைசியாக ஒன்று. பழைய மருத்துவரின் கோப்பை எரித்துவிடாதீர்கள், அவருடைய அறையில் கத்திவிட்டும் வராதீர்கள். எல்லையோரச் சிற்றூரில் இரவு பத்து மணிக்குக் கேஷுவாலிட்டியில் பணியில் இருப்பவர் யார் என்பது நம் கையில் இல்லை. அம்மாவுக்கு மூச்சுத்திணறி ஓர் இரவு நாங்கள் ஓடியபோது அங்கே உட்கார்ந்திருந்தவர் அந்த முதல் மருத்துவர்தான். பழைய சீட்டுகளைப் புதியவற்றோடு சேர்த்து நூலில் கட்டி எடுத்துச் சென்றிருந்தோம். அவர் எதுவும் பேசாமல் இரண்டையும் புரட்டிப் பார்த்து, மாற்றியிருந்த மாத்திரையின்மேல் விரலை வைத்து, “இது ஒத்துக்குதா?” என்று கேட்டார். அம்மா “ஒத்துக்குதுங்க” என்றார்.